பனிநாட்டு விளையாட்டுகள்

உலகின் வடகோடியில், ஆர்க்டிக் கடலை அடுத்துக் கிடப்பது பனிநாடு. அங்கே உழுது பயிரிட நிலம் இல்லை. நிழல் தரும் மரமும் இல்லை. அலாஸ்காவின் வடமுனையில் உட்கியாக்விக் என்னும் ஊர் உள்ளது. அங்கே நவம்பர்த் திங்களில் மறையும் கதிரவன், ஏறத்தாழ 65 நாள் கழிந்த பின்னரே மீண்டும் முகங்காட்டுவான். இத்தகைய நாட்டிலே பன்னெடுங்காலமாக வாழ்ந்துவருவோர் இனுயிட் மக்கள். அலாஸ்காவின் வடபகுதி, கனடாவின் வடபகுதி, கிரீன்லாந்து ஆகிய இடங்களில் இவர்கள் பரவியுள்ளனர். பிறர் இவர்களை எஸ்கிமோக்கள் என்று அழைத்தனர். அப்பெயரை இவர்களுள் பலர் விரும்புவதில்லை. ‘இனுயிட்’ என்னும் சொல்லுக்கு இவர்தம் மொழியில் ‘மக்கள்’ என்பதே பொருள்.

இவர்களுடைய வாழ்க்கையையும் அலாஸ்காவின் பிற தொல்குடியினர் வாழ்க்கையையும் காட்டும் பண்பாட்டு நிலையம் ஒன்று ஆங்கரேஜ் நகரில் 1999ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அங்கே சிறிய ஏரியைச் சுற்றிப் பண்டைக்கால வீடுகள் முழு அளவில் அமைக்கப்பட்டுள்ளன. வடகரை மக்களின் பழைய குளிர்கால வீடு பாதியளவு மண்ணுள் புதைந்தது. திமிங்கில எலும்பையும், கடலலை ஒதுக்கிய மரத்தையும் கொண்டு எழுப்பி, புல்வேர் படிந்த மண்கட்டிகளால் அதனை மூடுவர். வீட்டினுள் செல்லும் வழி, தரைமட்டத்திற்குக் கீழே ஒரு சுரங்கமாக அமைந்திருக்கும். குளிர்ந்த காற்று கனமானது. ஆதலின் அது தாழ்ந்த சுரங்கத்திலேயே தங்கிவிடும். விளக்கின் வெப்பமும் மக்களின் உடல் வெப்பமும் மேலே நிற்கும். நூல் படியாதார் கண்ட அறிவியல் இது!

ஆயினும், வீடு ஒன்றே வாழ்வளிக்காது. உணவு தேடிப் பனிவெளியிற் செல்வோனுக்கு உறுதியான உடலும் தளராத உள்ளமும் வேண்டும். அவ்வுறுதியைத் தந்தவை அவர்களுடைய விளையாட்டுகளே. நிலையத்தின் கூடத்தில் இளைஞர் அவற்றை ஆடிக் காட்டுவதைக் காணலாம்.

அவற்றுள் ஒன்று இருகால் உதை. சிறு பந்து ஒன்று உயரத்தில் தொங்கும். ஆடுவோன் இரு கால்களையும் சேர்த்தே எழும்பி, இரு பாதங்களாலும் ஒருசேரப் பந்தைத் தொட்டு, மீண்டும் இரு கால்களையும் ஒருங்கே ஊன்றி இறங்குதல் வேண்டும். எட்டடி உயரத்துப் பந்தைத் தொட்டவரும் உண்டு. இவ்வாட்டம் தோன்றிய வரலாற்றை முதியோர் கூறுவர். திமிங்கிலம் வேட்டையிற் கிடைத்ததும் ஒருவன் ஊரை நோக்கி ஓடுவான். தொலைவிலிருந்து கூவினால் குரல் எட்டாது. எனவே, ஊரார் கண்ணிற் படும் இடத்தில் அவன் இரு காலையும் உயர்த்தி உதைத்துத் துள்ளுவான். அதைக் கண்ட ஊரார், இறைச்சியை அறுத்துக் கொணர விரைவர்.

மற்றொன்று முட்டிக்கைத் தாவல். மடக்கிய விரல்களின் கணுக்களையும் கால்விரல்களையும் மட்டும் தரையில் ஊன்றி, உடல் நிலத்திற் படாமல் தாவித் தாவி முன்னேறுவர். பனிமீது நகரும் கடல்நாயின் நடையைப் போன்றது இது. காதிழுப்பு என்பது வேறொன்று. இருவர் எதிரெதிரே அமர்ந்து, ஒரே கயிற்று வளையத்தைத் தத்தம் காதில் மாட்டிக்கொண்டு பின்னோக்கி இழுப்பர். உறைபனி தரும் வலியைத் தாங்கப் பழகுவதே இதன் நோக்கம்.

தோல்விரிப்பில் துள்ளுதலோ ஊர் கூடி ஆடும் ஆட்டம். கடல்விலங்கின் தோல்களை இணைத்துத் தைத்த விரிப்பைப் பலர் சுற்றி நின்று பற்றி இழுக்க, நடுவில் நிற்பவன் வானோக்கி எழுவான். மேடற்ற சமவெளியில் தொலைவிலுள்ள விலங்கைக் காண இது உதவியது என்பர். பிடிப்போர் கை தளரின், எழுந்தவனுக்குத் தீங்கு நேரும்.

இருபதாம் நூற்றாண்டில் இயந்திரப் படகும் பனியூர்தியும் வந்தன, வாழ்க்கை மாறியது. பழைய ஆட்டங்கள் மறைந்தொழியுமோ என்னும் கவலை எழுந்தது. 1961ஆம் ஆண்டு பேர்பாங்க்ஸ் நகரில் தொல்குடியினரின் விளையாட்டு விழா தொடங்கப்பெற்றது. அன்று முதல் இவ்வாட்டங்கள் புத்துயிர் பெற்றன.

அவ்விழாவில் காண்போரை வியப்பில் ஆழ்த்துவது உயரமன்று. ஒருவன் பந்தைத் தொடத் தவறுவானாயின், அவனுடன் போட்டியிடுவோனே அருகில் வந்து, பிழையைச் சுட்டி, அடுத்த முறை எவ்வாறு எழும்புவது என்று கற்பிக்கிறான். தன் வெற்றி கைநழுவினும் அவன் வருந்துவதில்லை. திமிங்கில வேட்டைக்குத் தனியொருவன் செல்ல இயலாது. படகில் உடன் இருப்பவன் வலிமையற்றவனாயின் அனைவர் உயிருக்கும் இடர் நேரும். கிடைத்த இறைச்சியும் ஊரார் அனைவர்க்கும் பங்கிடப்படும். அயலான் வலிமை தன் வலிமையே என்பதைப் பனி அவர்களுக்குக் கற்பித்தது. ஆட்டக்களத்திலும் அவர்கள் அதை மறக்கவில்லை.