தலைவாயிலுக்கு ஏற்ற கதவு
(விளக்கக் கட்டுரை)

நுழையும்முன்

ஒரே பொருளின் பல வகைகளை ஒப்பிட்டு நோக்கி, தேவைக்கு உகந்ததைக் காரணத்துடன் தேர்ந்தெடுக்கும் ஆற்றல் வாழ்க்கைக்கு இன்றியமையாதது. அவ்வாறு ஒப்பிட்டு விளக்கும் முறையை, வீட்டின் தலைவாயிற் கதவைக் கொண்டு இப்பாடத்தில் கற்போம்.

கதவின் இரு கடமைகள்

வீட்டின் சுவர் அடைத்து நிற்பதற்கென்றே எழுப்பப்படுவது. சாளரம் ஒளியும் காற்றும் வருவதற்கென்று அமைக்கப்படுவது. கதவுக்கோ இரண்டு கடமைகள் உண்டு. திருடன், மழை, புழுதி, வெயில், கொசு ஆகியவற்றைத் தடுக்க அது அடைபட வேண்டும். விருந்தினரும் வீட்டாரும் வந்து செல்ல அது திறக்க வேண்டும். தீயோ நிலநடுக்கமோ நேர்ந்தால் உள்ளே இருப்போர் நொடியில் வெளியேறவும் அது திறக்க வேண்டும். இவ்விரு கடமைகளையும் ஒருங்கே நிறைவேற்றும் கதவே நல்ல கதவு. கடையில் கதவு வாங்கும் பலர் முதற்கடமையை மட்டும் எண்ணுகின்றனர், இரண்டாவதை மறந்துவிடுகின்றனர்.

கதவின் உறுப்புகள்

கதவைத் தாங்கும் சட்டகத்திற்கு ‘நிலை’ என்று பெயர். அதன் இருபுறமும் நிற்கும் செங்குத்துச் சட்டங்கள் நிலைக்கால்கள். புதுவீடு கட்டுவோர் நிலை வைக்கும் நாளை மஞ்சளும் குங்குமமும் இட்டு மங்கல நாளாகக் கொண்டாடுவது தமிழகத்து வழக்கம். கதவை நிலையுடன் இணைத்துத் திருப்புவது கீல். கீல் பரவலாவதற்கு முன், கதவின் மேலும் கீழும் நீண்டிருக்கும் குடுமிகள் குழிகளில் பொருந்திச் சுழன்றன. பழைய கோயில்களிலும் பெருவீடுகளிலும் இவ்வமைப்பை இன்றும் காணலாம்.

கதவை உள்ளிருந்து அடைப்பது தாழ் அல்லது தாழ்ப்பாள். ‘தாழ்’ என்னும் சொல் திருக்குறளிலேயே இடம்பெற்ற பழஞ்சொல். மலையாளத்தில் பூட்டையே ‘தாழ்’ என்பர். வாயில் என்னும் நம் சொல்லுக்கு உறவாகத் தெலுங்கில் ‘வாகிலி’, கன்னடத்தில் ‘பாகிலு’, மலையாளத்தில் ‘வாதில்’ என்னும் சொற்கள் வழங்குகின்றன. உங்கள் வகுப்பில் இம்மொழிகளைப் பேசும் நண்பர்கள் இருப்பின் கேட்டறியுங்கள்.

நிலத்திற்கேற்ற கதவு

நம் நாட்டில் ஒவ்வொரு நிலப்பகுதியும் தனக்கேற்ற கதவை வகுத்துக்கொண்டது. குளிர் மிகுந்த இமயமலைச் சிற்றூர்களில் வாயில்கள் குட்டையாகவும் குறுகலாகவும் இருக்கும். உள்ளிருக்கும் வெப்பம் வெளியேறாமல் காப்பதற்கே அவ்வமைப்பு. அங்கே பூச்சி எளிதில் அரிக்காத தேவதாரு மரம் கதவாகிறது. மழை மிகுந்த கேரளத்தில் தேக்குடன் பலாவும் ஆஞ்சிலியும் பயன்படுகின்றன. செட்டிநாட்டு வீடுகளின் தலைவாயில்களைப் பர்மாவிலிருந்து வந்த தேக்கில் சிற்பவேலையுடன் அமைத்தனர்.

கோட்டைக் கதவுகளின் தேவை வேறு. புனே நகரில் பேஷ்வாக்கள் கட்டிய சனிவார் வாடாவின் வடக்கு வாயிலை ‘தில்லி தர்வாசா’ என்பர். யானைகள் நெற்றியால் முட்டித் திறக்காதவாறு அதன் கதவுகளில் கூரிய இரும்பு முனைகள் பதிக்கப்பட்டுள்ளன. அப்பெருங்கதவிலேயே ஓர் ஆள் நுழையத்தக்க சிறு கதவும் உண்டு. பெருங்கதவைத் திறவாமல் ஒருவர் மட்டும் சென்றுவர உதவும் இத்தகைய சிறுவழியைத் தமிழில் ‘திட்டிவாசல்’ என்பர். அடைப்பதும் திறப்பதும் ஒருங்கே வேண்டும் என்பதை அக்காலத்துத் தச்சரும் நன்கு அறிந்திருந்தனர் என்பதற்கு இஃது ஒரு சான்று.

இனி, இன்று வீடுகளுக்குக் கிடைக்கும் கதவு வகைகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

1. திண்மரக் கதவு

மரக்கதவுகளுள் முதலிடம் தேக்கிற்கே உரியது. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பொருள் இருப்பதால் கரையானும் பூஞ்சையும் அதனை எளிதில் தாக்குவதில்லை. ஆங்கிலேயர் இம்மரத்திற்கு வழங்கும் பெயரே ‘தேக்கு’ என்பதன் மலையாள வடிவிலிருந்து போர்ச்சுகீசிய மொழி வழியாகச் சென்றதுதான். கேரளத்தின் நிலம்பூரில் 1840களில் தேக்குத் தோட்டமே வளர்க்கப்பட்டது என்றால் அதன் மதிப்பை உணரலாம். வட இந்தியாவில் சால், சீசம் ஆகிய மரங்களும் கதவுக்குப் பயன்படுகின்றன.

மரத்திற்கு ஓர் இயல்பு உண்டு. ஈரக்காற்றை உறிஞ்சினால் அது விரியும், வறண்டால் சுருங்கும். அவ்விரிவு நீளவாக்கில் மிகக் குறைவு; குறுக்குவாக்கில் மிகுதி. இதனை அறிந்த தச்சர்கள், நான்கு சட்டங்களைக் கோத்து, அவற்றின் உட்பக்கத்தில் காடி வெட்டி, அக்காடியில் பலகைகளைப் பசையின்றிச் செருகினர். பலகை விரிந்தாலும் சுருங்கினாலும் காடிக்குள்ளேயே அசைந்துகொள்ளும், கதவு பிளக்காது. கதவில் நாம் காணும் கட்டங்கள் அழகுக்காக மட்டும் அமைந்தவை அல்ல என்பது இப்போது விளங்கும்.

நன்கு உலர்த்தாத மரத்தில் செய்த கதவு, மழைக்காலத்தில் நிலையோடு இறுகிக்கொள்ளும். அப்போதே இழைப்புளி கொண்டு இழைத்துவிட்டால் குளிர்காலத்தில் கதவு சுருங்கி, விரல் நுழையும் இடைவெளி தோன்றிவிடும். ஆதலால் மழை ஓய்ந்து மரம் உலரும்வரை பொறுத்து, பிறகு தேவையான அளவே இழைப்பது அறிவுடைமை.

திண்மரக் கதவின் எடையையும் எண்ண வேண்டும். 2.1 மீட்டர் உயரமும் 0.9 மீட்டர் அகலமும் 35 மில்லிமீட்டர் கனமும் உடைய கதவின் கன அளவு ஏறத்தாழ 0.066 கன மீட்டர். ஒரு கன மீட்டர் தேக்கின் எடை ஏறத்தாழ 650 கிலோகிராம் எனக் கொண்டால், அக்கதவு 43 கிலோகிராம் இருக்கும். இவ்வெடையைத் தாங்க மூன்று அல்லது நான்கு உறுதியான கீல்கள் வேண்டும். இதன் பெருங்குறை விலை. தேக்கின் விலை நடுத்தரக் குடும்பத்தாருக்குச் சுமையே.

2. ஃப்ளஷ் கதவு

இருபுறமும் மேடுபள்ளமின்றிச் சமமாக இருக்கும் கதவு இது. அடுக்ககங்களில் இன்று மிகுதியாகக் காணப்படுவது இதுவே. சுற்றிலும் மரச்சட்டம் அமைத்து, நடுவில் மரத்துண்டுகளை நெருக்கி ஒட்டி, இருபுறமும் மெல்லிய மரத்தகடுகளைப் பசையிட்டு அழுத்திச் செய்வர். ஒரு தகட்டின் மர ஓட்டம் நெடுக்காகவும் அடுத்ததன் ஓட்டம் குறுக்காகவும் அமைவதால் ஒன்றன் விரிவை மற்றொன்று தடுக்கிறது. எனவே, இது எளிதில் கோணுவதில்லை. விலையும் தேக்கைவிடக் குறைவு.

இவற்றுள் உள்ளே திண்ணென்று நிரப்பிய வகையும், இடையிடையே வெற்றிடம் விட்ட வகையும் உண்டு. வெற்றிடம் உள்ளவை அறைகளுக்கு ஏற்றவை. தலைவாயிலுக்கு ஏற்றவை அல்ல. விரலை மடக்கித் தட்டிப் பார்த்தால் வேறுபாடு தெரியும். திண்ணிய கதவு மழுங்கிய ஓசை தரும். வெற்றுக் கதவு பறைபோல் ஒலிக்கும். நீரைத் தாங்கும் பசை பயன்படுத்தப்பட்டுள்ளதா, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா என்றும் கேட்டறிதல் வேண்டும். மழைச்சாரல் நேரே படும் வாயிலில் மலிவான ஃப்ளஷ் கதவின் அடிப்பகுதி நாளடைவில் ஊறி, அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும்.

3. எஃகுக் கதவு

துத்தநாகம் பூசிய எஃகுத் தகடுகள் இரண்டை இணைத்து, இடையில் நுரைப்பொருளோ தேன்கூடு போன்ற தாளமைப்போ நிரப்பி இதனைச் செய்வர். கரையான் இதனை அணுகாது. மழையால் இது விரியாது. ஒரே பூட்டுத் திறவுகோலைத் திருப்பினால் பல இடங்களில் தாழ் பாயும் அமைப்பும் இவ்வகையில் கிடைக்கிறது.

ஆயினும், இதற்கும் குறைகள் உண்டு. மேற்பூச்சுக் கீறப்பட்டால் அவ்விடத்தில் துரு ஏறும். உப்புக்காற்று வீசும் சென்னை, மும்பை, விசாகப்பட்டினம் போன்ற கடலோர நகரங்களில் துரு விரைந்து பரவும். நேர் வெயில் படும் வாயிலில் எஃகு கைசுடும் அளவிற்குச் சூடாகும். மரத்தில் பள்ளம் விழுந்தால் தச்சர் அதனைச் சீர்செய்வார். எஃகுத் தகட்டில் விழுந்த நசுங்கலைப் பழைய நிலைக்குக் கொண்டுவருதல் அரிது.

4. மரநெகிழிக் கலவைக் கதவு

மரத்தூளையும் நெகிழியையும் கலந்து செய்யப்படும் இதனைக் கடைகளில் டபிள்யூ.பி.சி. கதவு என்பர். நீரும் கரையானும் இதனைப் பாதிப்பதில்லை. குளியலறைக்கும் ஈரம் மிகுந்த இடங்களுக்கும் இது மிகவும் ஏற்றது. ஆனால், நெகிழி வெப்பத்தில் இளகும் தன்மையுடையது. ஆதலால் கோடைவெயில் நேரே தாக்கும் தலைவாயிலில் இது நெளியக்கூடும். தீப்பற்றினால் நச்சுப்புகையும் எழும். தலைவாயிலுக்கு இதனை வாங்குவோர் இவ்விரண்டையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

5. கம்பிவலைக் கதவு

தில்லி முதலிய வட இந்திய நகரங்களில் மரக்கதவிற்கு வெளியே இரும்புக் கம்பியும் கொசுவலையும் பொருத்திய மற்றொரு கதவைக் காணலாம். அங்குள்ளோர் இதனை ‘ஜாலி’க் கதவு என்பர். மரக்கதவைத் திறந்துவைத்துக் கம்பிக்கதவை மட்டும் அடைத்தால் காற்று வரும், கொசு வாராது. வந்திருப்பவர் யார் என்று கண்டு பேசிய பின்பு திறக்கலாம். தனித்திருக்கும் முதியோருக்கும் பள்ளியிலிருந்து திரும்பிய சிறுவர்க்கும் இது நல்ல காவல்.

ஆனால், இதில் மறைந்திருக்கும் இடர் ஒன்று உண்டு. பல வீடுகளில் இரவில் கம்பிக்கதவை உட்புறம் பூட்டிட்டுப் பூட்டி, திறவுகோலை வேறோர் அறையில் வைத்துவிடுகின்றனர். நள்ளிரவில் தீப்பற்றி, மின்சாரம் நின்று, புகை சூழ்ந்தால் அத்திறவுகோலை யார் தேடுவது? சாளரங்களிலும் இரும்புக்கம்பி இருக்கும். அந்நிலையில் காவலுக்கென்று வைத்த கதவே வெளியேறும் வழியை அடைத்துவிடும். ஆகவே, உள்ளே இருப்பவர் திறவுகோலின்றிக் கையால் திருகியே திறக்கத்தக்க பூட்டை அமைத்தல் வேண்டும். திறவுகோலே தேவைப்படும் பூட்டாயின், வெளியிலிருந்து கை எட்டாததும் வீட்டார் அனைவரும் அறிந்ததுமான ஒரே இடத்தில், கதவின் அருகிலேயே அதனை மாட்டிவைத்தல் வேண்டும். வீட்டிலுள்ள சிறுவரும் முதியோரும் அதனைத் திறந்து பழகியிருத்தல் வேண்டும்.

வலிமை எங்கே உள்ளது?

கதவு எவ்வளவு வலியதாயினும், நிலை உளுத்திருந்தால் பயனில்லை. கீலின் திருகாணி அரை அங்குலமே மரத்தில் இறங்கியிருந்தால் ஓர் உதையில் பெயர்ந்துவிடும். சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியின் வலிமையே ஆவதுபோல், கதவின் வலிமையும் அதன் மெலிந்த உறுப்பின் வலிமையே ஆகும். கரையானும் பெரும்பாலும் மண்ணிலிருந்து சுவர் வழியாக நிலையைத்தான் முதலில் அடைகிறது. ஆதலால், கதவுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை நிலைக்கும் கீலுக்கும் பூட்டுக்கும் ஒதுக்குவது இன்றியமையாதது.

எதைத் தேர்வது?

மூன்று வீடுகளை எண்ணிப் பாருங்கள். முதலாவது, அடுக்ககத்தின் நான்காம் தளத்தில் உள்ளது. வாயில், மழையும் வெயிலும் படாத நடைவழியை நோக்கியது. அங்கே திண்ணிய ஃப்ளஷ் கதவும் வெளியே கம்பிவலைக் கதவும் போதும். இரண்டாவது, கடற்கரை ஊரில் உள்ள தனிவீடு. அங்கே எஃகு துருவேறும்; நன்கு உலர்ந்த மரக்கதவும், அதற்கு மேல் சாரலைத் தடுக்கும் கூரை நீட்சியும், ஆண்டுதோறும் மெருகெண்ணெய்ப் பூச்சும் வேண்டும். மூன்றாவது, சக்கர நாற்காலியில் இயங்கும் பாட்டி வாழும் வீடு. அங்கே முதலில் நோக்க வேண்டியது பொருளன்று, அகலம். ஏறத்தாழ 90 செ.மீ. அகலத்திற்குத் தடையின்றித் திறக்கும் கதவும், மேடில்லாத வாசற்படியும், அமர்ந்தபடியே கையெட்டும் உயரத்தில் தாழ்ப்பாளும் அமைய வேண்டும். சிற்பவேலை நிறைந்த தேக்குக் கதவாயினும் பாட்டியால் திறக்க இயலாது போனால் அஃது அவருக்குச் சுவரே.

எனவே, கதவு வாங்குமுன் நான்கு வினாக்களைக் கேட்க வேண்டும். வாயிலில் வெயிலும் மழையும் எவ்வளவு படுகின்றன? ஊரின் காற்று ஈரமானதா, உப்பானதா, வறண்டதா? வீட்டில் வாழ்வோர் யார், யார்? இருளில், திறவுகோலின்றி, வீட்டிலேயே வலிமை குன்றியவர் அக்கதவைத் திறந்து வெளியே வர இயலுமா? இவற்றிற்கு விடை கண்ட பின்னரே விலையையும் அழகையும் பற்றிப் பேசுதல் முறை.

சொற்பொருள்

நிலை – கதவைத் தாங்கும் சட்டகம்
காடி – பலகை பொருந்துவதற்கு வெட்டிய பள்ளம்
இழைப்புளி – மரத்தை இழைக்கும் கருவி
திட்டிவாசல் – பெருங்கதவில் அமைந்த சிறுவழி
சாரல் – காற்றால் சாய்ந்து விழும் மழைத்துளி

பயிற்சி

அ. பிரித்து எழுதுக: நிலைக்கால், மரக்கதவு, திறவுகோலின்றி, கையெட்டும்.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக:
1. கதவின் இரு கடமைகள் யாவை?
2. பலகைகளைக் காடியில் பசையின்றிச் செருகுவது ஏன்?
3. கடலோர நகரங்களில் எஃகுக் கதவு ஏற்றதன்று என்பதன் காரணம் யாது?

இ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக:
கம்பிவலைக் கதவின் நன்மையையும் அதில் மறைந்திருக்கும் இடரையும் விளக்குக.

ஈ. செயல்பாடு:
உங்கள் வீட்டுத் தலைவாயிற் கதவின் உயரம், அகலம், கனம் ஆகியவற்றை அளந்து எழுதுக. இன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு, வீட்டார் ஒவ்வொருவரும் உள்ளிருந்து அக்கதவைத் திறக்க எத்தனை நொடிகள் ஆகின்றன என்று கணக்கிட்டு அட்டவணைப்படுத்துக. மிகுதியான நேரம் எடுத்துக்கொண்டவர் யார், அதற்குக் காரணம் என்ன, அதனை எவ்வாறு சரிசெய்யலாம் என்பதை வீட்டாருடன் கலந்துபேசி ஐந்து தொடர்களில் எழுதுக.