சேலத்து முதலாளி டி.ஆர். சுந்தரம்

அமெரிக்கத் திரைத்துறையில் தயாரிப்பாளர் எனப்படுபவர், பணம் போடுவதோடு நில்லாமல், கதையைத் தேர்வதிலிருந்து படத்தைக் கொட்டகைக்கு அனுப்புவது வரை எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்பவர். அந்தப் பொருளில் தமிழகம் கண்ட முழுமையான தயாரிப்பாளர்களுள் முன்வரிசையில் வைக்கத்தக்கவர், மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனர் டி.ஆர். சுந்தரம் (1907–1963).

திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்று திரும்பிய அவர், பிறரோடு கூட்டுச் சேர்ந்து சில படங்களை எடுத்த பின், 1930-களின் நடுவில் சேலம்–ஏற்காடு சாலையில் சொந்தப் படப்பிடிப்பு நிலையத்தை அமைத்தார். தமிழ்ப் படம் எடுக்கப் பலர் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் ரயிலேறிய காலம் அது. அவரோ படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவுக்கூடம், படச்சுருளைக் கழுவிப் பிரதியெடுக்கும் லேப் ஆகியவற்றை ஒரே வளாகத்தில் வைத்து, மாதச் சம்பளத்துக்கு ஆட்களை அமர்த்தி, ஆலைக்குரிய நேர ஒழுங்குடன் நடத்தினார். ஹாலிவுட்டின் ஸ்டூடியோ முறையும் இதுவே.

1940-இல் வெளிவந்த 'உத்தம புத்திரன்' அந்த ஒழுங்கின் நல்ல விளைச்சல். அதில் இரட்டை வேடம் ஏற்ற பி.யு. சின்னப்பா புதுக்கோட்டைக்காரர். ஒரே நடிகரை இருவராகக் காட்ட அக்காலத்தில் கையாளப்பட்ட வழி கடினமானது: லென்ஸின் பாதியை மறைத்து ஒரு பக்கத்தைப் படமாக்கி, சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, மறைப்பை மாற்றி, வேறு உடையில் வந்த அதே நடிகரை மறுபக்கத்தில் பதிவு செய்வார்கள்; இடையில் கேமரா இம்மியளவு அசைந்தாலும் நடுக்கோடு தெரிந்துவிடும். இந்தச் சாதனையில் சின்னப்பாவைப் போற்றுவோர், அதற்குக் களம் அமைத்த தயாரிப்பாளரையும் நினைவுகூர்வதே நியாயம்.

அமெரிக்காவோடு சுந்தரத்துக்கு நேரடித் தொடர்பும் இருந்தது. தமிழ் அறியாமலே தமிழ்ப் படங்களை இயக்கிய அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன், 1950-இல் வந்த 'மந்திரி குமாரி'யில் அவருடன் பணிபுரிந்தார். கலைஞர் மு. கருணாநிதியின் வசனமும் எம்.ஜி.ஆரின் நடிப்பும் சேர்ந்த படம் அது. 1952-இல் அமெரிக்கரான வில்லியம் பெர்க்குடன் இணைந்து, ராட் கேமரான், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் நடித்த 'தி ஜங்கிள்' என்னும் ஆங்கிலப் படத்தைச் சுந்தரம் தயாரித்தார். அது தமிழில் 'காடு' என வெளிவந்தது.

முன்னோடி முயற்சிகளில் அவருக்கு இருந்த தாகம் மொழி எல்லை பார்க்கவில்லை. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938) அவர் தயாரிப்பு. 1956-இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' மூலம் கேவாகலர் படச்சுருளில் தமிழுக்கு முழுநீள வண்ணப் படத்தைத் தந்தவர், 1961-இல் 'கண்டம் பெச்ச கோட்டு' வழியாக மலையாளத்துக்கும் வண்ணத்தைக் கொண்டுசென்றார். அவர் மறைந்தபின் மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்று நடத்திய அந்நிறுவனம், நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது.