வாசலில் ஒரு வாய்க்கால்: போர்ட் கொச்சியின் மழையும் ஓதமும்

போர்ட் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் வீடு வாங்குவோர் வில்லங்கச் சான்றிதழைப் பார்க்கிறார்கள், தாய்ப்பத்திரத்தைப் பார்க்கிறார்கள். வீட்டு முற்றம் தெருவைவிட எத்தனை அங்குலம் தாழ்ந்திருக்கிறது என்று பார்ப்போர் மிகச் சிலரே. ஜூன் பிறந்து முதல் பெருமழை கொட்டியதும் அந்த அங்குலங்களின் விலை தெரிந்துவிடும்.

வீட்டைப் புதுப்பிக்கக் கடன் நாடுவோரின் செலவுப் பட்டியலில் இப்போது வாசல் வடிகாலும் இடம்பெறுகிறது. கேட்டின் குறுக்கே, அல்லது கார் நிறுத்தும் தளத்தின் முன்விளிம்பில், நான்கு முதல் எட்டு அங்குல அகலத்தில் நீளவாக்கில் வாய்க்கால் எடுத்து, அதன் மேல் சல்லடை மூடி பொருத்துவதே இது. கட்டட வேலையாட்கள் இதைக் ‘கிரேட்டிங் வடிகால்’ என்பர். ஒற்றைத் துளை வடிகால் தன்னைத் தேடி வரும் நீரை மட்டுமே வாங்கும். இதுவோ வாசலின் முழு அகலத்திலும் ஓடி வரும் நீரை வழிமறித்துப் பிடிக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆயினும் பிடித்த நீரை எங்கே கொண்டுபோய் விடுவது என்ற கேள்விக்கு விடை காணாமல் பணத்தைச் செலவிடலாகாது என்பதே நமது கருத்து. போர்ட் கொச்சியில் அக்கேள்வி மற்ற ஊர்களைவிடக் கடினமானது.

முதலில் நீரின் அளவைப் பார்ப்போம். கேரளத்தில் வீட்டுமனையைச் சென்ட் கணக்கில் பேசுவது வழக்கம். ஐந்து சென்ட் என்பது ஏறத்தாழ 200 சதுர மீட்டர். மணிக்கு 60 மில்லிமீட்டர் வீதம் மழை பெய்தால், அந்த மனை முழுவதும் கூரையும் ஓடு பதித்த தளமுமாக இருக்கும் நிலையில், நிமிடத்துக்கு 200 லிட்டர் நீர் வாசலை நோக்கி வரும். ஒரு மணி நேரத்தில் 12,000 லிட்டர். ஒரு தண்ணீர் லாரி கொள்ளும் அளவு. கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையின் சராசரியைப்போல் இரு மடங்கு. முற்றத்தின் மண்ணை மறைத்து ஓடு பதிக்கும்போது, மண் குடித்துவந்த பங்கையும் நாமே வடிகாலின் தலையில் ஏற்றுகிறோம்.

இத்தனை நீரைக் கடத்த நான்கு அங்குலக் குழாய் ஒன்றே போதும், அதற்கு உரிய வாட்டம் இருக்குமானால். நூறுக்கு ஒன்று என்ற வாட்டம் நல்லது. இடமில்லாவிடில் இருநூறுக்கு ஒன்று. பன்னிரண்டு அடி அகலமுள்ள கேட்டின் குறுக்கே நூறுக்கு ஒன்று என்றால், ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே ஏறக்குறைய ஒன்றரை அங்குலத் தாழ்வு வேண்டும். இதைக் கண்ணால் மதிப்பிட இயலாது. ரசமட்டம் வைத்தோ, நீர் நிரப்பிய டியூப் மட்டம் பிடித்தோ பார்க்க வேண்டும். வாய்க்காலின் அடித்தளம், வெளியேறும் குழாயின் வாய், தெருவோர ஓடையின் அடித்தளம் ஆகிய மூன்று மட்டங்களையும் ஒரு தாளில் குறித்துத் தருமாறு ஒப்பந்தக்காரரைக் கேளுங்கள். அந்தத் தாளைத் தர இயலாதவரிடம் வேலையை ஒப்படைக்க வேண்டாம்.

மூன்றாவது மட்டத்தில்தான் கடல் குறுக்கிடுகிறது. ஒருபுறம் அரபிக்கடலும் மறுபுறம் காயலும் சூழ்ந்த தாழ்நிலம் இது. தெருவோர ஓடைகள் ராமேசுவரம் கால்வாய், கல்வத்தி கால்வாய், பண்டாரச்சிறை கால்வாய் முதலியவற்றின் வழியே காயலை நாடுகின்றன. (கால்வாயை இவ்வூரில் ‘தோடு’ என்பர், தமிழர் முதன்முறை கேட்கும்போது காதைத் தொட்டுப் பார்ப்பதுண்டு.) நாளொன்றுக்கு இருமுறை ஓதம் ஏறி இறங்குகிறது. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். குஜராத்தின் காம்பே வளைகுடாவோடு ஒப்பிட்டால் இது ஒரு பொருட்டே அன்று. ஆனால் நிலமே கடல்மட்டத்தை ஒட்டிக் கிடக்கும் இடத்தில் அரை மீட்டர் ஏற்றமும் ஓடைகளின் வாயை அடைத்துவிடும். மலையாளிகள் இதை ‘வேலியேற்றம்’ என்கிறார்கள். நமது கார்த்திகையோடு ஒத்துவரும் விருச்சிக மாதத்தில் இது கூடுதலாக இருக்கும். அந்நாட்களில் மழையே இல்லாத வெயில் வேளையிலும் உப்புநீர் ஓடை வழியே பின்னோக்கி ஏறி முற்றத்தை எட்டிப் பார்ப்பது உண்டு. வடிகால் கட்டாத வீட்டுக்கு இல்லாத ஆபத்து, வடிகால் கட்டிய வீட்டுக்கு இவ்வாறு வந்து சேர்கிறது: நீர் வெளியேற நாம் அமைத்த குழாயே நீர் உள்ளே வரும் வழியாகிவிடுகிறது.

இதற்கு மருந்து, குழாயின் முனையில் ஒருவழி வால்வு. வெளியே செல்லும் நீர் அதன் மடலைத் தள்ளித் திறக்கும். திரும்பி வரும் நீர் அதே மடலை அழுத்தி மூடிவிடும். விலை அதிகமில்லை. ஆனால் ஒரு பிளாஸ்டிக் உறை மடலில் சிக்கினாலும் வால்வு மூடாது. ஆகவே அது கைக்கு எட்டும்படி, மூடி திறந்து பார்க்கக்கூடிய சிறு தொட்டிக்குள் இருக்க வேண்டும். சிமென்ட் போட்டுப் புதைத்த வால்வு, இல்லாத வால்வுக்குச் சமம்.

ஓதம் ஏறி வால்வு மூடியிருக்கும்போது மழையும் பெய்தால்? அந்த ஓரிரண்டு மணி நேரத்துக்கு நீர் எங்காவது தங்கியாக வேண்டும். ஆயிரம் லிட்டர் தொட்டி, நாம் மேலே கண்ட மழையில் ஐந்தே நிமிடத்தில் நிரம்பிவிடும். உறிஞ்சுகுழி வெட்டலாமே என்பர். மழைக்காலத்தில் இவ்வூரில் சில அடி தோண்டினாலே ஊற்று வந்துவிடும். ஏற்கெனவே நிறைந்திருக்கும் மண் எதை உறிஞ்சும்? கூரை நீரைத் தனியே பிரித்துச் சேமிப்புத் தொட்டிக்கு அனுப்புவது மேல். அதனால் வாசலுக்கு வரும் நீரில் பெரும்பகுதி குறைகிறது. எஞ்சியதைச் சிறு நீர்மூழ்கிப் பம்பு பார்த்துக்கொள்ளும். பெருமழையில் மின்சாரம் தடைப்படுவது வழக்கமாதலால் பம்புக்கு இன்வெர்ட்டர் இணைப்பும் வேண்டும்.

இனி, தெருவே குளமாக நிற்கும் நிலை. 2019 அக்டோபர் 21 அன்று, எறணாகுளம் சட்டமன்றத் தொகுதியின் இடைத்தேர்தல் நாளில், காயலுக்கு அக்கரையிலுள்ள நகரப்பகுதி மழைவெள்ளத்தில் மூழ்கியதைப் பலரும் நினைவில் வைத்திருப்பர். அதன் பின்னரே கால்வாய்களின் அடைப்பை நீக்கும் ‘ஆப்பரேஷன் பிரேக்த்ரூ’ பணியை மாவட்ட நிர்வாகம் மேற்கொண்டது. தெரு முழுவதும் நீர் நிற்கையில் எந்த வாசல் வடிகாலும் தெருவைக் குடித்துவிடாது. அத்தகைய தெருவில் வீடு அமைந்திருந்தால், கேட்டின் அடியில் சரிவான மேடு ஒன்றை எழுப்பி, வடிகாலை அதன் உட்புறத்தில் அமைக்க வேண்டும். மேடு தெருநீரைத் தடுக்கும். வடிகால் வீட்டின் நீரை மட்டும் கவனிக்கும். மின்பலகையையும் பிளக்குகளையும் உயர்த்துவதற்கு முதலில் செலவிடுங்கள். கிரேட்டிங் பிறகு வரட்டும்.

வீடுகள் தாழ்ந்துபோவதற்கு மழை மட்டுமே காரணமன்று. ஒவ்வொரு முறையும் பழைய சாலையின் மேலேயே புதிய தாரை இடுவதால் தெரு உயர்கிறது. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்பே புதிய சாலை இட வேண்டும் என்று அறிவுறுத்தியது இதனால்தான். ஜாக்கிகள் வைத்து வீட்டையே தூக்கி உயர்த்தும் கலையும் நம் இரு மாநிலங்களிலும் வளர்ந்துவிட்டது. நூற்றாண்டு கண்ட மட்டாஞ்சேரிச் சுவர்களுக்கு அதைப் பரிந்துரைக்க நமக்குத் துணிவில்லை. மேலும், போர்ட் கொச்சியின் பாரம்பரியப் பகுதியில் வெளித்தோற்றத்தை மாற்றும் எந்த வேலைக்கும் முன்னதாக மாநகராட்சியில் விசாரிப்பது நலம். தெரு ஓடையில் குழாய் இணைப்பதற்கும் அனுமதி தேவை. அண்டை வீட்டு மதிலை நோக்கி நீரைத் திருப்பிவிடுவது சட்டச் சிக்கலுக்கு முன் உறவுச் சிக்கலைக் கொண்டுவரும்.

மூடியின் பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடற்காற்றில் மெல்லிய இரும்புச் சல்லடை சில பருவங்களில் துருவேறிவிடும். துத்தநாகப் பூச்சு அதைச் சற்றுத் தள்ளிப்போடும், அவ்வளவே. துருப்பிடிக்காத எஃகு என்றால் 304 என்ற தரத்தைவிட 316 என்ற தரமே உப்பைத் தாங்கும். கனத்த வார்ப்பிரும்பும், இழை சேர்த்த பிளாஸ்டிக்கும் பிற தேர்வுகள். தாங்குதிறனை ஐரோப்பியத் தரநிலையான ஈ.என். 1433 வகைப்படுத்துகிறது. அதில் ஏ15 என்பது ஒன்றரை டன். நடப்போருக்கும் மிதிவண்டிக்கும் உரியது. கார் ஏறும் வாசலுக்குப் பி125, அதாவது பன்னிரண்டரை டன். கடையில் இந்தக் குறியைக் கேட்டு வாங்குங்கள். சிறு குழந்தைகளும் ஊன்றுகோல் பிடிப்போரும் உள்ள வீட்டில் சல்லடையின் இடைவெளி குறுகியதாக இருக்கட்டும்.

வாய்க்காலின் முனையில் வண்டல் தங்கும் குழி ஒன்று இருக்கும். அதில் தேங்கும் அழுக்கு நீர் கியூலெக்ஸ் கொசுவுக்கு விருந்து. யானைக்கால் நோயை ஐரோப்பியர் ஒரு காலத்தில் ‘கொச்சிக் கால்’ என்றே அழைத்தனர். அந்தப் பழம்பெயரை இவ்வூர் மறக்கலாம், கொசுவை மறக்க இயலாது. குழியை மே மாத இறுதியிலும் ஐப்பசிக்கு முன்பும் அள்ளித் துப்புரவாக்க வேண்டும். மழை தொடரும் நாட்களில் வாரம் ஒருமுறை மூடியைத் தூக்கிப் பாருங்கள்.

பணம் பற்றி இரு சொற்கள். ஒப்பந்தத் தொகையில் ஒரு பகுதியை முதல் பெருமழை கழியும்வரை நிறுத்திவைக்கும் நிபந்தனையை எழுத்தில் பெறுங்கள். கிரேட்டிங் பொருத்துவதற்கு முன் குழாய் நீரைத் திறந்துவிட்டு, நீர் எங்கும் தேங்காமல் ஓடுகிறதா என்று நேரில் பாருங்கள். 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வழங்கிவரும் ‘பாரத் கிருக ரக்ஷா’ பாலிசி வெள்ளத்தாலும் நீர்சூழ்தலாலும் வீட்டுக்கு ஏற்படும் சேதத்தை ஏற்கிறது. ஆண்டுக்கணக்கில் ஊறிக் கெட்ட சுவருக்கு அதில் இழப்பீடு எதிர்பார்க்க வேண்டாம். வடிகால் வேலை முடிந்த அன்றே வாசலையும் சுவர்களின் அடிப்பகுதியையும் தேதியோடு படமெடுத்து, ரசீதுகளையும் மட்டம் குறித்த தாளையும் பாலிசியுடன் சேர்த்து, நீர் எட்டாத மேல்தட்டில் வையுங்கள்.