உங்களுக்குத் தெரியுமா? யாரும் விலைக்கு வாங்க முடியாத யானை

வங்கிச் செயலி, மருத்துவமனை பில், பள்ளி மாணவர் பட்டியல் என்று பலவற்றின் அடியில் ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் கட்டற்ற டேட்டாபேஸ், போஸ்ட்கிரெஸ்கியூஎல். புழங்குகிறவர்கள் வாயில் வெறும் போஸ்ட்கிரெஸ். நீல யானைத் தலை அதன் சின்னம். மென்பொருளைவிட அதைப் பராமரிக்கும் கூட்டத்தின் கதைதான் சுவாரசியம். இந்த வாரம் அந்தக் கூட்டத்தின் பக்கம்.

● உலகம் முழுக்க லினக்ஸ் சர்வர்களுக்குள் நுழைந்திருக்கக்கூடிய ஒரு கள்ளக் கதவைப் பிடித்துக் கொடுத்தவர் பாதுகாப்பு நிபுணர் அல்ல, ஒரு போஸ்ட்கிரெஸ் நிரலாளர். 2024 மார்ச்சில் ஆந்த்ரெஸ் ஃப்ராய்ண்ட் போஸ்ட்கிரெஸின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். அளவு துல்லியமாக வரவேண்டுமென்றால் கணினி மற்றபடி சும்மா இருக்க வேண்டும். ஆனால் வெளியிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்எச் நிரல் மட்டும் தேவையில்லாமல் சிபியுவைத் தின்றுகொண்டிருந்தது. அதுவும் தவறான பயனர் பெயரோடு வந்து உடனே திருப்பி அனுப்பப்பட்ட முயற்சிகளுக்கு! நேரத்தைப் பார்த்தார். வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை நொடி கூடுதல்.

நாமாக இருந்தால் நெட் மெதுவாக இருக்கிறது என்று டீ குடிக்கப் போயிருப்போம். அவருக்கோ சில வாரங்களுக்கு முன் போஸ்ட்கிரெஸின் தானியங்கிச் சோதனைகளில் வால்கிரைண்ட் என்ற நினைவகச் சோதனைக் கருவி காட்டிய ஒரு விசித்திரமான புகார் ஞாபகம் வந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டுத் துருவிக்கொண்டே போனவர், எக்ஸ்இஸட் என்ற சுருக்குக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒளித்து வைத்திருந்த பின்வாசலில் போய் நின்றார். ஜியா டான் என்ற பெயரில் வந்த யாரோ, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து, நம்பிக்கை சம்பாதித்து, பராமரிப்புப் பொறுப்பையே கையில் வாங்கிக்கொண்டு செய்த வேலை அது. மார்ச் 29 அன்று ஃப்ராய்ண்ட் விஷயத்தைப் பகிரங்கப்படுத்தினார். பெரும்பாலான லினக்ஸ் வகைகளின் நிலையான பதிப்புகளுக்குள் அந்த எக்ஸ்இஸட் போய்ச் சேர்வதற்குள் கதவு அடைபட்டது.

● மேலே சொன்ன தானியங்கிச் சோதனைகள் ஓடும் இடத்துக்கு பில்ட்ஃபார்ம் என்று பெயர். பண்ணை என்றால் விலங்குகள் இருக்க வேண்டுமே? இருக்கின்றன. உலகெங்கும் தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளை இதில் சேர்க்கிறார்கள். ஒவ்வொரு கணினிக்கும் ஒரு விலங்கின் பெயர் கிடைக்கிறது. ‘ஸ்கிங்க்’ (நம் ஊர் அரணை) வால்கிரைண்ட் சோதனையை ஓட்டுகிறது. ‘மாம்பா’ ஒரு பழைய பவர்பிசி ஆப்பிள் கணினி. யாராவது ஒரு வரி மாற்றினால் போதும், எல்லா விலங்கும் அதைத் தின்று பார்க்கும். எந்த விலங்குக்கு வயிறு கெட்டது என்பது பொதுவில் எல்லார் கண்ணுக்கும் தெரியும். மாற்றியவர் பதில் சொல்லியாக வேண்டும்.

● 1986-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் போஸ்ட்கிரெஸைத் தொடங்கியபோது, டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் எஸ்கியூஎல் மொழி இதில் கிடையாது. போஸ்ட்குவெல் என்ற தனி மொழிதான். ஆரம்பத்தில் ஒரு பகுதியை லிஸ்ப் மொழியில் எழுதிவிட்டு, பிறகு நொந்துபோய் சி மொழிக்கு மாற்றினார்கள். மாணவர்கள் ஆண்ட்ரூ யூவும் ஜாலி சென்னும் 1994-இல் எஸ்கியூஎல்லைப் பொருத்தினார்கள். 1996-இல் இன்றைய பெயர் வந்தது. லிஸ்ப் போய்விட்டாலும் அதன் வாசனை போகவில்லை. மூலநிரலில் பட்டியல்களைக் கையாளும் இடத்தில் பழைய லிஸ்ப் காலத்தை நினைவூட்டும் குறிப்பு ஒன்று இன்றும் இருக்கிறது. பின்னாளில் ஸ்டோன்பிரேக்கருக்கு டூரிங் விருது கிடைத்தது, 2014-ஆம் ஆண்டுக்கானது.

● ஸ்டோன்பிரேக்கரின் மூல யோசனைகளில் ஒன்று: பழைய தரவை அழிக்கவே கூடாது. ஒரு வரியைத் திருத்தினால் பழைய வரி அப்படியே இருக்கும், பக்கத்தில் புதியது எழுதப்படும். ‘போன மாதம் இந்தக் கணக்கில் எவ்வளவு இருந்தது?’ என்று டேட்டாபேஸிடமே கேட்கலாம். காலாவதியான வரிகளை அவ்வப்போது பெருக்கியெடுத்து, ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய ஒளித்தட்டுகளில் சேர்த்து வைக்க ‘வேக்யூம்’ என்று ஒரு வேலையாளை வைத்தார்கள். காலப்பயண வசதி 1990-களிலேயே கழன்றுவிட்டது. பழைய வரியை விட்டுவிட்டுப் புதிதாக எழுதும் பழக்கமும் வேக்யூமும் மட்டும் தங்கிவிட்டன. இன்று டிபிஏக்கள் (டேட்டாபேஸ் நிர்வாகிகள்) வேக்யூமைத் திட்டும்போதெல்லாம், நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு பேராசிரியரின் கனவைத்தான் திட்டுகிறார்கள்.

வேக்யூம் ஓடாவிட்டால் என்ன ஆகும்? இங்கே ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 32 பிட் எண் ஒன்று உண்டு. மொத்தம் சுமார் 400 கோடி எண்கள். தீர்ந்ததும் பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் மாதிரி மறுபடி முதலிலிருந்து சுற்றும். அதற்குள் பழைய வரிகளை ‘இது எப்போதோ முடிந்த கதை’ என்று முத்திரை குத்தி வைக்க வேண்டும்; அதையும் செய்வது வேக்யூம்தான். அது பின்தங்கினால், 200 கோடி வித்தியாசம் நெருங்கும்போது போஸ்ட்கிரெஸ் புதிதாக எதையும் எழுத மறுத்துவிடும். தரவு குழம்புவதைவிடக் கடையைச் சாத்துவது மேல் என்பது அதன் கொள்கை. 2019 பிப்ரவரியில் மேண்ட்ரில் என்ற மின்னஞ்சல் சேவை இப்படித்தான் படுத்தது.

● கடையைச் சாத்தும் அதே குணம் இன்னொரு இடத்திலும் வெளிப்பட்டது. எழுதிய தரவு டிஸ்க்கில் பத்திரமாக இறங்கிவிட்டதா என்று இயங்குதளத்திடம் கேட்க எஃப்சிங்க் என்று ஒரு கட்டளை இருக்கிறது. தோல்வி என்று பதில் வந்தால் மறுபடி கேட்கலாம் என்றுதான் போஸ்ட்கிரெஸ் சுமார் இருபது ஆண்டுகள் நம்பியிருந்தது. 2018-இல் உண்மை தெரிந்தது: லினக்ஸ் தோல்வியை ஒருமுறைதான் சொல்லும், அடுத்த முறை கேட்டால், தரவு தொலைந்திருந்தாலும் ‘எல்லாம் சரி’ என்றுவிடும்! 2019 பிப்ரவரிப் பதிப்பிலிருந்து ஒரு தோல்வி வந்தாலே போஸ்ட்கிரெஸ் தானே விழுந்து, தன் பதிவேட்டிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கட்டிக்கொள்கிறது.

● டாம் லேன். இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். நீங்கள் வாட்ஸப்பில் அனுப்பும் ஜேபெக் படங்களோடு அவருக்குத் தொடர்பு உண்டு. ஜேபெக் படங்களைக் கையாளும் இலவச நிரலகத்தை உருவாக்கிய குழுவை நடத்தியவர் அவர். பிஎன்ஜி வடிவத்தை வகுத்தவர்களில் ஒருவரும்கூட. 1990-களின் இறுதியில் போஸ்ட்கிரெஸுக்கு வந்தவர் இன்னும் போகவில்லை.

● வழிநடத்தும் குழுவில் பாதிக்கு மேல் ஒரே நிறுவனத்து ஆட்கள் இருக்கக் கூடாது என்பது போஸ்ட்கிரெஸில் எழுதப்படாத விதி. 2020-இல் அதற்குச் சோதனை வந்தது. எண்டர்பிரைஸ்டிபி நிறுவனம் செகண்ட்குவாட்ரண்ட் நிறுவனத்தை வாங்கியது. யாரும் எதுவும் செய்யாமலே, குழுவின் ஐந்து பேரில் மூவர் ஒரே சம்பளப் பட்டியலுக்குள் வந்துவிட்டார்கள். யாரையும் வெளியேற்றவில்லை. வேறு நிறுவனங்களிலிருந்து இரண்டு பேரைச் சேர்த்து ஏழாக்கினார்கள். மேலே அரை நொடியைப் பிடித்த ஃப்ராய்ண்ட் அவர்களில் ஒருவர். கைதட்ட வேண்டிய கணக்கு.

● 2025 மே மாதம் டேட்டாபிரிக்ஸ் நிறுவனம் நியான் என்ற போஸ்ட்கிரெஸ் கம்பெனியை வாங்கச் சுமார் 100 கோடி டாலர் தருவதாக அறிவித்தது. அடுத்த மாதமே அதன் போட்டியாளர் ஸ்னோஃப்ளேக், கிரஞ்சி டேட்டாவை வாங்குவதாக அறிவித்தது. ஆனால் போஸ்ட்கிரெஸை மட்டும் யாராலும் வாங்க முடியாது, விற்க ஆளே இல்லை! உரிமம் அவ்வளவு தாராளம்: எடுத்துக்கொள், மாற்றிக்கொள், விற்றுக்கொள், பதிப்புரிமைக் குறிப்பை மட்டும் விட்டு வை. அமேசானின் ரெட்ஷிஃப்ட் டேட்டாபேஸே போஸ்ட்கிரெஸ் 8.0.2-ஐ எடுத்து மாற்றிக் கட்டியதுதான். நிரலாளர்களின் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் ஆண்டுக் கணக்கெடுப்பில் 2023-இல் போஸ்ட்கிரெஸ் ஒட்டுமொத்தக் கணக்கில் முதல்முறையாகப் போட்டி டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல்லை முந்தியது.

● தமிழ்ப் பெயர்களை வரிசைப்படுத்திப் பார்த்திருக்கிறீர்களா? கபிலன், கவிதா, கனி. பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் இதுதான் வரிசை. டேட்டாபேஸை யூனிகோடு எண் வரிசையில் விட்டால் கனி முதலிலும் கபிலன் அடுத்தும் கவிதா கடைசியிலும் வருவார்கள். காரணம், யூனிகோடு அட்டவணையில் ‘ன’ கடைசியில் இல்லை, ‘ந’வுக்கு அடுத்தே உட்கார்ந்திருக்கிறது. ‘ஜ’ சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவே நுழைந்திருக்கிறது. புள்ளி வைத்த ‘க்’ கௌவுக்கும் பின்னால் போய்விடும். 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து ஐசியு என்ற நிரலகத்தின் துணையோடு தமிழுக்குரிய வரிசை விதி கிடைக்கிறது. வரிசைப்படுத்தும் குவெரியில் அதன் பெயரைச் சேர்த்தால் கனி தன் இடத்துக்குப் போய்விடுவாள். அரசு இணையதளங்களில் தமிழ்ப் பட்டியல்கள் கன்னாபின்னாவென்று கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு வரி எழுதச் சோம்பல்பட்ட யாரோதான் எனக்கு நினைவுக்கு வருகிறார்கள்.

அதே கையோடு: ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன என்று போஸ்ட்கிரெஸிடம் கேட்டால் 5 என்கும், கண்ணுக்கு மூன்று எழுத்தானாலும். இகரக் குறியையும் புள்ளியையும் அது தனியாக எண்ணுகிறது. டேபிளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், ஆனால் பெயருக்கு 63 பைட்தான் இடம். தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட் என்பதால் 21 குறிகளோடு வெட்டிவிடும். வெட்டு விழும் இடம் புள்ளிக்கு முன்னால் என்றால், நீண்ட பெயரின் கடைசியில் இருக்கும் ‘விவரங்கள்’ ‘விவரங்கள’ ஆகிவிடும்.

● வரிசை விஷயத்தில் இன்னொரு வம்பு. 2018-இல் லினக்ஸின் அடிப்படை நிரலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பு, எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதியை மாற்றியது. போஸ்ட்கிரெஸின் இண்டெக்ஸ்கள் பழைய வரிசையில் கட்டப்பட்டவை. இயங்குதளத்தை மேம்படுத்தியவர்களுக்குக் கண்ணெதிரே இருக்கும் வரியே தேடினால் கிடைக்காமல் போனது. 17-ஆம் பதிப்பில் இயங்குதளத்தை நம்பாத சொந்த வரிசை முறை ஒன்றைச் சேர்த்துவிட்டார்கள்.

● 2025 செப்டம்பர் 25 அன்று வந்தது 18-ஆம் பதிப்பு. டிஸ்க்கிலிருந்து ஒரு பக்கத்தைக் கேட்டுவிட்டு அது வரும்வரை கைகட்டி நிற்கும் பழைய வழக்கத்துக்கு விடை; இப்போது பல பக்கங்களை ஒரே நேரத்தில் கேட்டு வைக்கலாம். சில சோதனைகளில் மூன்று மடங்கு வரை வேகம் என்கிறார்கள். ஆனால் நடைமுறையில் டிபிஏக்கள் அதிகம் மகிழ்ந்திருக்கக்கூடியது வேறொன்றுக்காக. அதுவரை பெரிய பதிப்பு மாறும்போது, எந்த டேபிளில் என்ன மாதிரித் தரவு இருக்கிறது என்ற புள்ளிவிவரம் முழுக்க அழிந்துபோகும். இரவெல்லாம் உட்கார்ந்து மேம்படுத்தி முடித்தால், காலையில் குவெரிகள் ஆமையாக நகரும். இப்போது அந்தப் புள்ளிவிவரத்தில் பெரும்பகுதி கூடவே வந்துவிடுகிறது.

● இவ்வளவு எச்சரிக்கையான கூட்டமும் சறுக்கியதுண்டு. 2024 நவம்பர் 14 அன்று வந்த 17.1-இல் உள்ளமைப்பு ஒன்றின் அளவு சற்றே மாறிப்போக, டைம்ஸ்கேல்டிபி போன்ற இணைப்புகள் தகராறு செய்தன. சரியாக ஒரு வாரத்தில் 17.2 வந்தது.

● ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து ஆண்டுகள்தான் ஆயுள். 13-ஆம் பதிப்புக்கு 2025 நவம்பரோடு பராமரிப்பு முடிந்தது. 14-க்கு 2026 நவம்பர் வரை. உங்கள் அலுவலகத்தில் ஓடுவது எந்தப் பதிப்பு என்று தெரியவில்லையா? சிஸ்டம் அட்மினைக் கேளுங்கள். ‘எங்களிடம் போஸ்ட்கிரெஸே கிடையாது’ என்று அவர் சொன்னாலும் உடனே நம்ப வேண்டாம். நம் சென்னையின் ஜோஹோ தரும் மேனேஜ்எஞ்சின் தொகுப்புகள் பலவற்றில் அது கூடவே வந்து இறங்கிவிடுகிறது.