அந்நிய நாணயக் கணக்கு: எதற்கு, எவ்வளவு?

திருப்பூரிலிருந்து பனியனும் சென்னிமலையிலிருந்து போர்வையும் கரூரிலிருந்து மேசை விரிப்பும் கடல் கடந்து செல்கின்றன. சரக்குப் போகும் வழியைப் பற்றி நம் சங்கக் கூட்டங்களில் நிறையப் பேசுகிறோம். பணம் திரும்பி வரும் வழியைப் பற்றி அவ்வளவு பேசுவதில்லை. வாங்குவோர் அனுப்பும் டாலரையோ யூரோவையோ உடனே ரூபாயாக்கிவிட வேண்டுமா, அந்நிய நாணயமாகவே வைத்திருக்கலாமா, வைப்பதானால் எந்தக் கணக்கில் வைப்பது என்று சில நிர்வாகக் குழுவினர் அண்மையில் நம்மிடம் வினவினர். அங்கத்தினர் அனைவரும் அறியவேண்டிய செய்தியாதலால் இங்கு விளக்குகிறோம்.

முற்காலத்தில் இக்கேள்விக்கே இடமில்லை. 1947, 1973 ஆம் ஆண்டுகளின் செலாவணிச் சட்டங்கள் நடைமுறையில் இருந்தவரை, ஈட்டிய செலாவணியை வங்கியிடம் ஒப்படைத்து ரூபாய் பெறுவதே விதி. 1966 ஜூன் 6 அன்று ஒரு டாலரின் விலை 4 ரூபாய் 76 காசிலிருந்து 7 ரூபாய் 50 காசாக ஒரே நாளில் மாறியது. அப்படிப்பட்ட நாளிலும் ஏற்றுமதியாளருக்குத் தெரிவு என்று ஒன்றில்லை. 1992 இல்தான் ஈட்டியதில் ஒரு பகுதியை அந்நிய நாணயமாகவே வைத்துக்கொள்ளும் கணக்கு வந்தது. வங்கிகளில் இதை இ.இ.எஃப்.சி. கணக்கு என்பர், செலாவணி ஈட்டுவோரின் அந்நிய நாணயக் கணக்கு என்பது பொருள். 1973 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 1999 ஆம் ஆண்டுச் சட்டம் 2000 ஜூன் முதல் நடைமுறையில் உள்ளது.

இக்கணக்கின் இயல்பை முதலில் அறிதல் நன்று. இது நடப்புக் கணக்கு; வட்டி கிடையாது. வரும் தொகை முழுவதையும், முன்பணம் உட்பட, இதில் வரவு வைக்கலாம். இதிலிருந்து இறக்குமதிக்கும் வெளிநாட்டு முகவரின் தரகுக்கும் அயல்நாட்டுப் பயணத்துக்கும் பணம் செலுத்தலாம். டாலரில் வாங்கிய ஏற்றுமதி முன்கடனை இதிலிருந்தே அடைக்கலாம். ஆனால் ஒருமுறை ரூபாயாக எடுத்ததை மீண்டும் டாலராக்கி இதில் சேர்க்க இயலாது. காலவரம்பும் உண்டு. ரிசர்வ் வங்கி 2012 மே மாதத்தில் இருப்பில் பாதியை ரூபாயாக்கச் சொல்லி, ஜூலையில் அதைத் தளர்த்தியபோது ஒரு நிபந்தனை விதித்தது: ஒரு மாதத்தில் வந்த தொகையில், செலுத்தவேண்டியவை போக எஞ்சியதை அடுத்த மாதக் கடைசி நாளுக்குள் ரூபாயாக்கிவிட வேண்டும். எனவே முதல் தேதியில் வரும் டாலருக்கு ஏறத்தாழ இரண்டு மாத அவகாசம் உண்டு; முப்பதாம் தேதியில் வருவதற்கு ஒரு மாதமே.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு சங்கத்துக்கு 40,000 டாலர் வருகிறது. சாயப்பொருளுக்கும் தரச்சான்றுக் கட்டணத்துக்கும் அச்சங்கம் அடுத்த மாதம் 6,000 டாலர் வெளிநாட்டுக்குச் செலுத்த வேண்டியுள்ளது. வங்கி 85 ரூபாய்க்கு டாலரை வாங்கி, 85 ரூபாய் 60 காசுக்கு விற்பதாகக் கொள்வோம் (விகிதங்கள் விளக்கத்திற்காக மட்டுமே). முழுத் தொகையையும் ரூபாயாக்கிவிட்டுப் பின் 6,000 டாலரைத் திரும்ப வாங்கினால், 60 காசு வித்தியாசத்தில் 3,600 ரூபாய் வீணாகும். வங்கிக் கட்டணமும் அதன்மேல் வரியும் தனி. அந்த 6,000 டாலரை மட்டும் அந்நிய நாணயக் கணக்கில் விட்டுவைத்தால் இச்செலவு மிச்சம்.

மீதி 34,000 டாலரை, "விலை ஏறட்டும், பிறகு மாற்றுவோம்" என்று 45 நாள் வைத்திருந்தால் என்ன ஆகும்? அதன் மதிப்பு 28,90,000 ரூபாய். இதே சங்கம் நூல் கொள்முதலுக்காக 10 சதவீத வட்டியில் ரொக்கக் கடன் வாங்கியிருக்குமானால், இத்தொகைக்கு 45 நாள் வட்டி சுமார் 35,600 ரூபாய். அதாவது டாலர் 86 ரூபாய் 5 காசுக்கு ஏறினால்தான் போட்டது வரும். அதற்குமேல் ஏறுவதே இலாபம். ஏறாவிட்டாலோ வட்டியும் நஷ்டம், விலையும் நஷ்டம். தறியில் பாவு ஏற்றக் கடன் வாங்கிக்கொண்டே, வட்டியில்லாக் கணக்கில் டாலரைத் தூங்கவைப்பது எவ்வகையில் சிக்கனம் என்பது நமக்கு விளங்கவில்லை! செலுத்தவேண்டிய அளவுக்கு அந்நிய நாணயம், எஞ்சியதற்கு ரூபாய் என்பதே நமது கருத்து.

எந்த நாணயத்தில் கணக்கு என்பதும் இதையொட்டியதே. ஐரோப்பாவிலிருந்து யூரோ பெற்று, அங்கேயே பின்னல் இயந்திர உதிரிப் பாகங்களுக்கு யூரோவில் செலுத்துவோருக்கு யூரோக் கணக்கு வேண்டும். கரிமப் பருத்திச் சான்றுக்கு யூரோவில் கட்டணம் கட்டும் விவசாயிகள் சங்கத்துக்கும் அவ்வாறே. யூரோவை டாலராக்கி, டாலரைத் திரும்ப யூரோவாக்குவோர் இருமுறை வங்கிக்குக் கூலி கொடுக்கின்றனர்.

மூன்று மாதம் கழித்து வரவேண்டிய தொகைக்கு விலை இறங்கிவிடுமோ என்னும் அச்சம் நியாயமானதே. அதற்கு மருந்து கணக்கு அன்று, முன்பேர ஒப்பந்தம். இன்ன தேதியில் இன்ன விலைக்கு இவ்வளவு டாலரை விற்பதாக வங்கியோடு இன்றே உறுதி செய்துகொள்ளலாம். சரக்குக்கு ஆர்டர் உள்ள அளவுக்கே இதைச் செய்தல் வேண்டும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2007 இல் டாலரின் விலை 40 ரூபாய்க்கும் கீழே இறங்கியபோது திருப்பூர் ஏற்றுமதியாளர் பலர் திகைத்துப் போயினர். அவ்வேளையில் சில வங்கிகள் டாலருக்கும் சுவிஸ் பிராங்குக்கும் இடையிலான விலையைச் சார்ந்த சிக்கலான ஒப்பந்தங்களை அவர்களிடம் விற்றன. பனியன் விற்றவருக்குப் பிராங்கில் வரவும் இல்லை, செலவும் இல்லை. பிராங்கின் விலை ஒரு வரம்பைத் தாண்டாதவரை சிறு இலாபம். தாண்டினால் எல்லையில்லாப் பொறுப்பு. 2008 மார்ச்சில் ஒரு டாலர் ஒரு பிராங்குக்கும் கீழே சென்றது. ஆண்டுக்கணக்கில் பாடுபட்டுச் சேர்த்த மூலதனத்தைப் பலர் இழந்தனர். வழக்குகள் நீதிமன்றம் ஏறின. இத்தகைய ஒப்பந்தங்கள் குறித்த விதிகளை மீறியதற்காக ரிசர்வ் வங்கி 2011 ஏப்ரலில் 19 வங்கிகளுக்கு அபராதம் விதித்தது. அந்த அபராதத் தொகை இழந்தவர் கைக்கு வரவில்லை. தாளில் எழுதியது புரியாவிடில் கையொப்பமிட வேண்டாம் என்று காரியதரிசிகளைக் கேட்டுக்கொள்கிறோம். புரிந்தாலும், நம் சரக்கோடு தொடர்பில்லாத நாணயமாயின் வேண்டவே வேண்டாம்.

வெளிநாட்டிலேயே கணக்கு வைக்கலாமா என்றும் கேட்கின்றனர். 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அதற்கு வழி செய்தது. ஏற்றுமதிப் பணத்தை அங்கே பெற்று, அங்கிருந்தே இறக்குமதிக்குச் செலுத்தலாம்; எஞ்சியது அடுத்த மாத முடிவுக்குள் இந்தியாவுக்கு வந்தாக வேண்டும். குஜராத்திலுள்ள கிஃப்ட் நகர் போன்ற பன்னாட்டு நிதி மையத்தில் வைக்கும் கணக்குக்கு இந்த அவகாசத்தை மூன்று மாதமாக உயர்த்தும் முடிவு அவ்வாண்டு அக்டோபரில் வந்தது. மாதந்தோறும் இறக்குமதி செய்யும் பெரிய நிறுவனத்துக்கு இவை பயன்படும். ஆண்டுக்கு நான்கைந்து முறை சரக்கு அனுப்பும் சங்கத்துக்குக் குறைந்தபட்ச இருப்பும் பராமரிப்புக் கட்டணமுமே பாரமாகும், தணிக்கையும் கடினம். வலைத்தளம் வழியாகப் பணம் பெற்றுத் தரும் நிறுவனங்களும் உள்ளன. 2023 அக்டோபர் முதல் அவற்றுக்கு ரிசர்வ் வங்கியின் நெறிமுறை உண்டு; அனுமதி பெற்றதா என்று பார்த்தே சேரவேண்டும். மாதிரிச் சரக்குகளுக்கும் சில்லறை விற்பனைக்கும் அவை போதும்.

கணக்கைத் தொடங்குமுன் வங்கியிடம் கேட்கவேண்டியது ஒன்றுண்டு: வங்கிகளுக்கிடையேயான விலையிலிருந்து எத்தனை காசு கழித்து எமக்குத் தருவீர்? இதை எழுத்தில் பெறுக. 2019 ஆகஸ்டு முதல் இயங்கும் எஃப்.எக்ஸ். ரீடெயில் என்னும் மின்னணுச் சந்தையில் பதிவு செய்துகொண்டால் சந்தை விலையை நாமே காணலாம். கேளாதவர்களுக்கு வங்கியின் அன்றைய பட்டியல் விலையே கிடைக்கும். கடைசி நாள்வரை இருப்பை மறந்துவிட்டு, வங்கி தானாக மாற்றிய பட்டியல் விலையை ஏற்றுக்கொண்ட சங்கங்களையும் கண்டிருக்கிறோம்.

செலாவணி வணிகத்துக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற வங்கியில்தான் இக்கணக்கைத் தொடங்க முடியும். நம் மத்தியக் கூட்டுறவு வங்கிக்கு வெளியே செல்ல நேர்வதால், நிர்வாகக் குழுவின் தீர்மானமும் துறையின் இசைவும் முன்னதாகவே பெறவேண்டும். எவ்வளவு தொகை, எந்தச் செலவுக்காக, எந்தத் தேதிவரை அந்நிய நாணயமாக இருக்கலாம் என்பதைத் தீர்மானத்திலேயே எழுதிவிடுக. மார்ச் 31 அன்று இருப்பு ஏதேனும் இருந்தால் அன்றைய விலையில் ரூபாயாகக் கணக்கிட்டு, வித்தியாசத்தை இலாப நஷ்டக் கணக்கில் காட்டவேண்டும். அன்றைய விலைக்கான வங்கிச் சீட்டைத் தணிக்கைக்காக வவுச்சரோடு சேர்த்து வைத்திடுக.