மேற்கட்டியும் மீகாமனும்

மங்கல மனைகளிலே கூரையின்கீழ்க் கட்டும் வெண்டுகிலை மேற்கட்டி என்போம். சிறு பாய்ப்படகிலும் அதற்கோர் இடமுண்டு. பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கிடைமரம், படகு திசை திரும்புந்தோறும் ஒருபுறமிருந்து மறுபுறம் வீசி வரும். அதன்மேற் போர்த்திய நிழற்றுணி நங்கூரமிட்ட படகுக்கே ஆகும். ஓடும் படகிலோ துணி கிடைமரத்தின் கீழே, அதனைத் தீண்டாது நிற்றல் வேண்டும்.

நிழலின் அருமையை நம் நாட்டார்க்கு யான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஏப்பிரில் 5 முதல் 15 வரையில், தெற்கிலிருந்து வடக்காக, ஈழத்து ஊர்களின் நேர் உச்சியில் ஞாயிறு நிற்கின்றது. ஓகஸ்ட் இறுதியிலும் செப்டெம்பர்த் தொடக்கத்திலும் மீண்டும் அவ்வாறே. கடலிலே நீரிற் பட்டு மீளும் ஒளியும் உடன்சேர்ந்து சுடும். வெயிலாற் சோர்ந்த மீகாமனின் கை சுக்கானிற் பிழைக்குமாயின், படகிலுள்ளார் அனைவர்க்கும் ஏதமாம்.

கட்டும் முறை வருமாறு: நெருங்க நெய்த இலேசான துணியின் முன்மூலைகளைப் பாய்மரத்தின் பக்கக் கயிறுகளிலும், பின்புறத்தைப் பின்கயிற்றிலும் பிணித்தல், குறுக்கே மூங்கிற் சலாகைகள் செருகித் துணியை விரித்தல், கிடைமரத்தை இழுத்தாளும் கயிறு இறங்குமிடத்திலே துணியைப் பிளந்துவிடுதல், கிடைமரத்தை இருபுறமும் கையால் வீசிப் பார்த்த பின்பே கட்டை இறுக்குதல். சுக்கானருகே அமர்ந்தவனுக்கு முன்னுள்ள நீர்ப்பரப்பு மறைதலாகாது.

முடிச்சு ஒவ்வொன்றும் ஒரே இழுப்பில் அவிழ்தல் வேண்டும். பெருங்காற்று எழுங்கால் விரித்த துணி, ஆள்வாரற்ற இரண்டாம் பாயாகிப் படகையே கவிழ்க்கத் துணியும். ஆதலின், கட்டப் பழகுமுன் கழற்றப் பழகுதலே படகேறும் மாணவர்க்கு முதற் பாடமாதல் வேண்டும் என்பேன்.