வெறும் சிப்பில் பதில் சொல்வது யார்?

இறக்காமம் குளத்திலிருந்து வட்டைக்குப் போகும் வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று இரவும் பகலும் பார்க்க ஒரு கருவி செய்ய நினைக்கிறார் ஒரு மாணவர் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினி இருக்கிறது. அதையே வாய்க்கால் கட்டில் வைத்துவிட முடியாது. சும்மா இருக்கும்போதே அது சில நூறு மில்லிஅம்பியர் மின்னோட்டம் எடுக்கும். சிறிய பேட்டரி ஒரு நாள்கூடத் தாங்காது. ஏடிமெகா328பி என்ற மைக்ரோகொன்ட்ரோலர் சிப்பைத் தூங்க வைத்து, இடைக்கிடையே எழுப்பினால் தூக்கத்தில் சில மைக்ரோஅம்பியரே போதும். வயலுக்குச் சிப்தான் போகவேண்டும். பை வீட்டிலிருந்து அதற்கு வேலை சொல்லிக்கொடுக்கும்.

பையின் மூளை ஆர்ம் வகை. சிப்போ நோர்வேயில், ட்ரொண்ட்ஹெய்ம் நகர மாணவர்களான போகனும் வொல்லனும் வடிவமைத்த ஏவிஆர் வகை. ஒன்றின் கட்டளை மற்றதற்குப் புரியாது. அதனால் பையில் ஏவிஆருக்கான ஜிசிசி கம்பைலர், ஏவிஆர்-லிப்சி என்ற நிரல் நூலகம், சிப்புக்கு எழுதும் ஏவிஆர்டியூட் ஆகிய மூன்று இலவச மென்பொருள்களை நிறுவ வேண்டும். தன்னால் ஓட்ட முடியாத நிரலைப் பை இவற்றைக்கொண்டு பிழையின்றி ஆக்கித்தரும்.

இனி வயர்கள். எஸ்பிஐ என்ற தொடர் இணைப்புக்கு மூன்று, ரீசெட்டுக்கு ஒன்று, மின்சாரத்துக்கு இரண்டு. பையின் முனைகள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்கா. சிப்பையும் அதே 3.3 வோல்ட்டில் இயக்குவதே பாதுகாப்பு. 5 வோல்ட் கொடுத்தால் சிப் தப்பும், பை தப்பாது.

என்னை இன்றும் வியக்கவைப்பது அடுத்த கணம். சிப்பில் இன்னும் ஒரு வரி நிரல்கூட இல்லை. பை ரீசெட் வயரைத் தாழ்த்திப் பிடித்து, 20 மில்லிசெக்கனாவது பொறுத்து, 172, 83 என்ற இரண்டு எண்களை அனுப்புகிறது. எஸ்பிஐயில் ஒரு பிட் போகும்போதே ஒரு பிட் திரும்பி வரும். மூன்றாவது எண் போகும் வேளையில் சிப்பிடமிருந்து 83 திரும்ப வந்துவிட்டால், அது விழித்திருக்கிறது என்று பொருள். பதில் சொன்னது நிரலல்ல, சிலிக்கனிலேயே செதுக்கப்பட்ட சுற்று. பிறகு பை அடையாளம் கேட்கும். 30, 149, 15 என்று சிப் சொல்லும். முதல் எண் தயாரித்த அட்மெல் நிறுவனத்தையும், அடுத்தது 32 கிலோபைட் நினைவகத்தையும் குறிக்கும்.

பேச்சின் வேகத்திலும் கவனம் வேண்டும். புதுச் சிப்பின் கடிகாரம் 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும். அதில் கால்வாசிக்கும் குறைவான வேகத்தில் பேசாவிட்டால் பதிலே வராது. தொடங்குவோர் பலர் வயரைச் சந்தேகித்துத் தவிப்பது இந்த இடத்தில்தான்.

பிறகு நிரல் 128 பைட் கொண்ட பக்கங்களாகப் பதியும். ஏவிஆர்டியூட் எழுதியதை மறுபடி வாசித்து ஒப்பிட்டுப் பார்த்த பின்பே ரீசெட்டை விடும். அந்த நினைவகத்தைப் பத்தாயிரம் தடவை அழித்து எழுதலாம். பெரும்போகத்துக்கு ஒரு நீர்மட்டம், சிறுபோகத்துக்கு வேறொன்று என்று நிரலை மாற்றிக்கொண்டே இருக்கலாம்.